ஓட்டமும் நடையுமாக இருவரும்

“காட்டிலும் மேட்டிலும் பாடுபடுகிறவனுக்கு ஓட்டம் எதற்கு? பட்டணத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் ஓடட்டும்” என்று கிராமங்களில் சொல்லுகிறார்கள். நியாயமான கேள்விதான். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் “உங்களுக்கு வேண்டியதில்லை” என்றே நாமும் சொல்லியிருப்போம்.

இன்று உங்கள் வீட்டு வேலையையும் வயல் வேலையையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கவலை இறைத்த கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. ஏர் பிடித்த நிலத்தில் டிராக்டர் உழுகிறது. கதிர் அறுக்க இயந்திரம் வருகிறது. கடைத்தெருவுக்கு நடந்த காலம் போய், தெருமுனைக்குக்கூட மொபெட்டில் போகிறோம். வீட்டுக்குள் ஆட்டுக்கல் இருந்த இடத்தில் கிரைண்டர், அம்மி இருந்த இடத்தில் மிக்சி, வாசலில் குழாய். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாய்மார்களின் முதுகை ஒடித்த வேலைகள் குறைந்தது நல்லதுதான். ஆனால் உடம்பின் வேலை குறைந்த அளவுக்குத் தட்டில் விழும் சோறு குறையவில்லை. கம்பும் கேழ்வரகும் சாப்பிட்ட வீடுகளில் மூன்று வேளையும் அரிசியாகிவிட்டது. இடையிடையே டீக்கடை வேறு.

அதன் பலன் இடுப்பில் தெரிகிறது. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் இருக்கவேண்டிய எடைக்கு மேல் இருந்தார்கள். நூற்றுக்கு நூறும் பட்டணத்துக்காரர்கள் என்று நினைக்கவேண்டாம். அதிக எடையோடு சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் கூட்டாளிகளாக வந்து சேருகின்றன.

உங்கள் கணக்கு எப்படி என்று அறியத் தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு அளவு பாருங்கள். வயிற்றை உள்ளே இழுத்து நாடாவை ஏமாற்றவேண்டாம். ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் இருந்தால் வயிற்றில் வேண்டாத கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஆணுக்கு முப்பத்தைந்தரை அங்குலம், பெண்ணுக்கு முப்பத்தொன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். இன்றும் செங்கல் சூளையில் கல் சுமக்கிறவர்கள், நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் உடல் மெலிந்தவர்களுக்கு இந்த ஏடு இல்லை. அவர்களுக்கு வேண்டியது நல்ல சாப்பாடும் ஓய்வும்தான். உடம்பு பெருத்தவர்கள், வேலை குறைந்தவர்கள், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள் மேலே படியுங்கள்.

எடை எப்படிக் குறைகிறது?

ஓடினால் எடை கரைந்து ஓடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மைக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் வராது.

ஒருவர் ஒரு கிலோ மீட்டர் ஓடினால், அவர் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 3 கிலோ மீட்டர் ஓடினால் சுமார் 210 கலோரி. ஓடிவிட்டு வரும் வழியில் டீக்கடையில் இரண்டு உளுந்த வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் அந்த 210-உம் திரும்பி வந்துவிடும். மேலே கொஞ்சம் மிச்சமும் இருக்கும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. வாரம் மூன்று நாள் இப்படி ஓடினால் வாரத்துக்கு 630 கலோரி. ஆக, ஓட்டம் மட்டுமே செய்து ஒரு கிலோ குறைக்க மூன்று மாதம் ஆகும். “மாதம் பத்து கிலோ குறைக்கிறேன்” என்று பொடி விற்கிறவன் வந்தால் இந்தக் கணக்கை அவனிடம் கேளுங்கள்.

அப்படியானால் எதற்கு ஓடவேண்டும்? சாப்பாட்டையும் சேர்த்துக் குறைத்தால் கணக்கு மாறிவிடும். நாளைக்கு நாலு டீ குடிக்கிறீர்கள், டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், சர்க்கரையில் மட்டும் 160 கலோரி. மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தால் இன்னும் 130. இரண்டும் சேர்ந்து நாளைக்கு 290. வாரத்துக்கு 2,000-க்கு மேல். ஓட்டத்தையும் சேர்த்தால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் குறையும்.  குறைத்த கரண்டிச் சோற்றுக்குப் பதில் கீரையோ, அவரையோ, ஒரு கரண்டி பருப்போ கூடச் சேர்த்துக்கொண்டால் பசி தெரியாது. பட்டினி கிடந்து ஓடாதீர்கள்.

இன்னொன்று. எடை இறங்குவதற்கு முன்பே ஓட்டத்தின் பலன் தெரியத் தொடங்கிவிடும். இதயம் பலப்படும், இரத்தக் கொதிப்பு கொஞ்சம் இறங்கும், இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும், இரவில் தூக்கம் நன்றாக வரும். தராசு முள் அசையவில்லையே என்று முதல் மாதத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

தொடங்குமுன்

நாற்பது வயது கடந்தவர்கள், சர்க்கரை வியாதியோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சு வலிக்கிறவர்கள், மயங்கி விழுந்த அனுபவம் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிடவேண்டும். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க அங்கே காசு இல்லை. தாய்மார்கள் இரத்தச் சோகையும் பார்த்துக்கொள்ளவேண்டும். நம் மாநிலத்தில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தம் குறைவு என்று மேலே சொன்ன அதே ஆய்வு கூறுகிறது. இரத்தம் குறைந்தவர்கள் ஓடினால் பத்தடியில் மூச்சு முட்டும். “எனக்கு ஓட வராது” என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஓட்டத்தில் குறையில்லை, இரத்தத்தில்தான் குறை. இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்காமல் தண்ணீரோடு சாப்பிட்டு வந்தால் சரியாகும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்திருக்கவேண்டும். ஓடும்போது கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அறிக. உடனே உட்கார்ந்து மிட்டாயைச் சாப்பிடவேண்டும். நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை என்றால் “வாயுப் பிடிப்பு” என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஓட்டமும் நடையும்

புதிதாக ஓடுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே. முதல் நாளே பள்ளிக்கூடப் பிள்ளைபோல் பாய்கிறார்கள். இருநூறு அடியில் மூச்சு இரைக்கிறது, மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறது, மூன்றாம் நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். பள்ளி மைதானத்தில் காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடப் பழகும் இளைஞர்களைப் பார்த்து அவர்களோடு போட்டி போடவேண்டாம். அவர்கள் வேலைக்கு ஓடுகிறார்கள், நீங்கள் உடம்புக்கு ஓடுகிறீர்கள்.

முதல் இரண்டு வாரம் ஓடவே வேண்டாம். தினமும் அரைமணி நேரம் கையை வீசி விரைவாக நடந்தால் போதும். சந்தைக்கு நேரமாகிவிட்டதுபோல் நடக்கவேண்டும்.

மூன்றாம் வாரம் ஓட்டமும் நடையுமாகத் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் மெதுவாகத் தொங்கோட்டம், பிறகு ஒன்றரை நிமிடம் நடை, மறுபடி ஒரு நிமிடம் ஓட்டம். இப்படி இருபது நிமிடம். கடிகாரம் பார்த்துக்கொண்டே ஓடமுடியாது என்கிறவர்கள் மின்சாரக் கம்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கம்பம் ஓட்டம், அடுத்த இரண்டு மூன்று கம்பம் நடை. முடிவில் ஐந்து நிமிடம் மெல்ல நடந்து வீடு திரும்புங்கள். ஓடி முடித்த சூட்டோடு சட்டென்று உட்கார்ந்தால் தலை சுற்றும்.

இந்த முறை புதிதல்ல. 1996-இல் அமெரிக்காவில் ஜாஷ் கிளார்க் என்ற இளைஞர், ஓடிப் பழக்கமே இல்லாத தம் தாயாரை ஓட வைக்க ஒன்பது வாரத் திட்டம் ஒன்று எழுதினார். வாரம் மூன்று நாள், முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்தைக் கூட்டி, நடையைக் குறைத்து, ஒன்பதாம் வாரத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடுவது. உலகம் முழுவதும் எத்தனையோ பேர் அதைப் பின்பற்றி ஓடிப் பழகிவிட்டார்கள். நீங்கள் ஒன்பது வாரத்தில் முடிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு வாரத்துப் பாடம் கடினமாக இருந்தால் அடுத்த வாரமும் அதையே செய்யுங்கள். பதினெட்டு வாரம் ஆனால்தான் என்ன, யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை.

வேகம் எவ்வளவு? ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியவேண்டும். பாட்டுப் பாட முடியக்கூடாது. பேசவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம். கணவன் மனைவி சேர்ந்து ஓடுவதில் இதுதான் வசதி, அளவுகோல் பக்கத்திலேயே வருகிறது. “நாளைக்கு யூரியா வாங்கணும், சொசைட்டிக்கு நீ போறியா நான் போகட்டுமா” என்று முழுதாகக் கேட்க முடிந்தால் சரியான வேகம். இருவரில் யார் மெதுவோ அவர் வேகம்தான் இருவருக்கும் வேகம். கணவர் முன்னால் ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்து “சீக்கிரம் வா” என்று கூப்பிடுவதில் பயன் இல்லை. அவருக்குக் கால் துறுதுறுத்தால் கொஞ்சம் முன்னே ஓடித் திரும்பி வந்து மனைவியோடு சேர்ந்துகொள்ளட்டும்.

வாரத்தில் மூன்று நாள் போதும். ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் நடக்கலாம். இது சோம்பேறித்தனம் அல்ல. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு பழகிவிட்டதே என்று தினமும் ஓடுகிறவர்களுக்குத்தான் முழங்கால் கீழ் எலும்பில் வலி வருகிறது. இரண்டு தொடையிலும் பொதுவாக வலித்தால் பயமில்லை, இரண்டு நாளில் போய்விடும். ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால், அல்லது மூட்டு வீங்கினால், ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டவேண்டும். நாட்டு வைத்தியரிடம் உருவிக்கொண்டு மறுநாள் ஓடாதீர்கள்.

அடியை எட்டி வைக்காமல் குட்டையாக வையுங்கள், பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். கை முட்டியை இறுக்கிப் பிடிக்கவேண்டாம். இதற்குமேல் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

வீட்டில் நேரம் ஏது?

கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போகும்போது அடிக்கடி நடக்கும் பேச்சு இது:

கணவர்: நான் ரெடிங்க நர்ஸம்மா. இவதான் வரமாட்டேங்குறா.

மனைவி: வரமாட்டேன்னு யாரு சொன்னா? எனக்கு நேரம் எங்கங்க இருக்கு? அஞ்சு மணிக்கு எந்திரிச்சா வாசல் தெளிக்கணும், சாணி அள்ளணும், பால் கறந்து ஊத்தணும், ரெண்டு புள்ளைங்களுக்கும் சோறு கட்டணும். இவரு ஏழு மணிக்கு எந்திரிச்சு காப்பி எங்கன்னு கேப்பாரு.

செவிலியர்: ஏண்ணே, உங்களுக்குப் பால் கறக்கத் தெரியாதா?

கணவர்: தெரியாம என்னங்க? கல்யாணத்துக்கு முந்தி நான்தான் கறப்பேன்.

மனைவி: கேட்டுக்கங்க!

செவிலியர்: அப்ப சரி. வாரத்துக்கு மூணு நாளு அஞ்சரையிலிருந்து ஆறு மணி வரைக்கும் தொழுவம் உங்களது. வாசலும் அடுப்பும் அக்காவோடது. ஆறு மணிக்கு ரெண்டு பேரும் கிளம்புனா ஆறே முக்காலுக்கு வீடு. காயை முந்தின ராத்திரி டி.வி. பாக்கும்போதே நறுக்கி வச்சிரலாம். அதையும் நீங்களே நறுக்கலாம்ணே, கை ஒண்ணும் தேஞ்சு போயிராது.

கணவர்: புள்ளைங்க முழிச்சுக்கிட்டா?

மனைவி: அத்தை இருக்காங்கள்ல. ஆனா அவங்க என்ன சொல்லுவாங்களோ. ஊரு வேற சிரிக்கும் நர்ஸம்மா. பொம்பளை ஓடறாளேன்னு.

செவிலியர்: உங்க மாமியாரு மாசாமாசம் சர்க்கரை மாத்திரை வாங்க என்கிட்டதானே வர்றாங்க. நான் பேசிக்கிறேன். “உங்க மருமகளுக்கும் இந்த மாத்திரை வேணுமா வேண்டாமா”ன்னு கேட்டா அவங்களே அனுப்பி வைப்பாங்க. ஊரு ரெண்டு வாரம் சிரிக்கும். அண்ணனும் கூட வந்தா ஒரு வாரத்துலயே நின்னுரும்.

செவிலியர் கடைசியில் சொன்னதைக் கணவன்மார்கள் கவனிக்கவேண்டும். ஆண் தனியாக ஓடினால் ஊரில் யாரும் எதுவும் சொல்வதில்லை. பெண் தனியாக ஓடினால் சொல்கிறார்கள். இருவரும் சேர்ந்து போனால் பேச்சு அடங்கிவிடுகிறது. சிரிப்பைவிடப் பெரிய தடை நேரம்தான். மனைவிக்கு வாரத்தில் மூன்று முக்கால் மணி நேரத்தை எடுத்துக் கொடுக்க முடிந்தவர் அந்த வீட்டில் கணவர் ஒருவரே. “நீயும் ஓடு” என்று வாயால் சொல்லிவிட்டு வேலையை அப்படியே விட்டுவைத்தால், அவர் அதிகாலை ஐந்துக்குப் பதில் நாலு மணிக்கு எழுந்திருப்பார். தூக்கம் குறைந்தால் பசி கூடும், எடையும் கூடும். நல்லது செய்யப்போய்க் கெடுதலாகிவிடும்.

வீட்டில் பெரியவர்கள் இல்லை, பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். திங்கள், புதன், வெள்ளி ஒருவர். செவ்வாய், வியாழன், சனி மற்றவர். ஞாயிறு இருவருக்கும் ஓய்வு. மனைவி ஓடும் நாளில் வீடு கணவர் பொறுப்பு.

தாய்மார்கள் கேட்கும் கேள்விகள்

காப்பர்-டி போட்டிருந்தால் ஓடலாமா? ஓடலாம். ஓடுவதால் அது நழுவி விழாது. மாதவிடாய் நாட்களில்? உடம்புக்கு முடிந்தால் ஓடலாம், முடியாவிட்டால் நடக்கலாம், தீட்டு என்று நினைத்து நிறுத்தவேண்டியதில்லை. குடும்ப நல அறுவை செய்துகொண்டவர்கள் தையல் ஆறி, வலி நீங்கி, டாக்டர் சரி என்ற பிறகு நடையிலிருந்து தொடங்கவேண்டும். ஆண்களுக்குச் செய்யும் தழும்பில்லாக் கருத்தடைச் சிகிச்சைக்குப் பின் ஒரு வாரம் சைக்கிளும் ஓட்டமும் வேண்டாம், பிறகு வழக்கம்போல் இருக்கலாம். அதனால் ஆண்மையோ ஓடும் பலமோ குறைவதில்லை.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது? சுகப்பிரசவம் ஆனாலும் மூன்று மாதம் ஆகட்டும். நடை அதற்கு முன்பே தொடங்கலாம். ஆபரேஷன் பிரசவமானால் மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும். இந்த இடைவெளியில் செய்யவேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல் அடிவயிற்றுத் தசைகளை ஐந்து விநாடி இறுக்கி, பிறகு தளர விடவேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. உட்கார்ந்துகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஓடும்போது சிறுநீர் கசிகிறது என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஓட்டத்தையே விட்டுவிடும் தாய்மார்கள் உண்டு. இந்தப் பயிற்சியில் பெரும்பாலோருக்குக் குறையும். குறையாவிட்டால் நர்ஸிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அடிவயிறு கீழே இறங்குவதுபோல் பாரம் தெரிந்தால் ஓடக்கூடாது, காட்டவேண்டும்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஓடினால் பால் வற்றாது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பும் கனக்காது. கர்ப்பமாக இருக்கும்போது புதிதாக ஓட்டம் தொடங்கவேண்டாம், நடையே போதும்.

மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளித் தள்ளி வருகிறது, கல்யாணமாகி இரண்டு ஆண்டாகியும் குழந்தை இல்லை என்று வருகிற பெண்களில் சிலருக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு இருக்கும். எடை அதிகம் உள்ளவராக இருந்தால், நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான். மேலே போட்ட கணக்கின்படி நாலு மாதத்துக்குள் ஆகக்கூடிய காரியம். கணவரின் தொப்பையும் இதில் சேர்த்திதான். அதிக எடை ஆணின் விந்தணுவையும் பாதிக்கும். குழந்தை இல்லை என்றால் மனைவியை மட்டும் கோயிலுக்கும் டாக்டரிடமும் அனுப்பாமல் கணவரும் பரிசோதித்துக்கொள்ளவேண்டும்.

வழியும் செருப்பும்

ஏரிக்கரை, பள்ளி மைதானம், வண்டி அதிகம் போகாத மண்சாலை நல்லது. தார்ச்சாலையில் ஓடவேண்டி வந்தால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓடவேண்டும். வெள்ளைச் சட்டையோ வெளிர் நிறத் துணியோ போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் வருவதற்குமுன் கையில் டார்ச் இல்லாமல் வரப்பிலும் புல்லிலும் இறங்கவேண்டாம், பாம்பு இருக்கும்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். ஓடினால் அதுவும் ஓடும். நின்று, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் மெல்ல நடந்து நகருங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது.

ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து ஷூ வாங்கவேண்டாம். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கிற, அடிப்பாகம் வளைகிற ஷூ எதுவும் போதும். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று உப்பியிருக்கும், அளவு சரியாக இருக்கும். ஹவாய் செருப்பில் ஓடினால் இடறும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெறுங்காலில் ஓடவே கூடாது. முள் குத்தியது தெரியாமல் புண்ணாகிவிடும். சேலையில் நடக்கலாம், ஓட்டத்துக்குச் சுடிதாரே வசதி. துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். மார்பை அசையாமல் தாங்கும் உள்ளாடை அவசியம். ஆண்களுக்கு லுங்கி உதவாது.

வெறும் வயிற்றில் ஓடமுடியாதவர்கள் ஒரு வாழைப்பழமோ அரை டம்ளர் கஞ்சியோ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் ஆகவேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்குமுன் முடித்துவிடுங்கள். முந்தின இரவு குடித்தவர் காலையில் ஓடக்கூடாது. ஓடி முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பீடி பற்ற வைக்கிறவர்களையும் பார்க்கிறோம். அவர்களுக்கு என்ன சொல்வது?

தொடங்கும் நாளில் இருவர் இடுப்பளவையும் தினசரிக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஓடிய நாளைச் சுழித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அதே நாடாவால், காலை சாப்பிடுமுன் அளந்து பாருங்கள். எடை அசையாத மாதத்திலும் நாடா அரை அங்குலம் குறைந்திருப்பதுண்டு. இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து காட்டவேண்டும். அளவு இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைப்பதா இல்லையா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் செவிலியரைக் கேட்கலாம், அல்லது 104-க்குப் போன் செய்யலாம்.